ஈராண்டுக் கல்லூரியும் பொறியியல் வாயிலும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமைப் பருவத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் ஒரு நிகழ்ச்சியைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பிறந்த ஊராகிய தூஸை விட்டு ஜுர்ஜானுக்குச் சென்று பயின்ற அன்னார், ஆசிரியரிடம் கேட்டவற்றையெல்லாம் ஏடுகளில் எழுதி, மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். வழியில் கொள்ளையர் கூட்டம் மறித்தது. கையிலிருந்த அனைத்தும் பறிபோயின. இளைஞரோ அஞ்சி ஒதுங்காமல் கொள்ளையர் தலைவனைப் பின்தொடர்ந்து, அந்த ஏடுகளை மட்டுமாவது திருப்பித் தருமாறு மன்றாடினார். தலைவன் நகைத்தான். ஏடு போனவுடன் கூடவே போய்விடும் அறிவு என்ன அறிவு என்ற கருத்துப்படக் கேட்டுவிட்டு, மூட்டையைத் திருப்பிக் கொடுத்தான். அந்தச் சொல் இளைஞரின் உள்ளத்தில் தைத்தது. தூஸில் மூன்றாண்டுகள் அமர்ந்து அத்தனை ஏடுகளையும் மனனம் செய்த பின்னரே அவர் நிஷாப்பூருக்குப் புறப்பட்டு, இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் உயர்கல்வி பயிலச் சேர்ந்தார்.

மனனத்தின் சிறப்பைக் கூறவே இந்நிகழ்ச்சியை நம்மவர் எடுத்துரைப்பது வழக்கம். இதில் வேறொன்றும் இருக்கிறது. தொடக்கக் கல்வி பெற்ற இடம் ஒன்று. உயர்கல்வி பெற்ற இடம் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே ஒரு வழி. அந்த வழியில் மாணவன் சுமந்து செல்வது என்ன? இரண்டாம் வாயிலில் நிற்பவர் அதை ஏற்றுக்கொள்வாரா? கல்வியின் வரலாற்றில் இந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. அது ஆயிரமாயிரம் ஏழை மாணவர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வியாக இருபதாம் நூற்றாண்டில் எழுந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டின் ஈராண்டுக் கல்லூரிகளையும், அவற்றில் பயின்று பொறியியற் பட்டப்படிப்புக்கு மாறிச் செல்லும் மாணவர்களையும் பற்றியதே இக்கட்டுரை.

நம் மூத்த தலைமுறையினருக்கு ஈராண்டுக் கல்லூரி புதிதன்று. பழைய சென்னை மாகாணத்தில் பட்ட வகுப்பு இல்லாமல் இன்டர்மீடியட் வரை மட்டும் கற்பித்த கல்லூரிகள் ‘இரண்டாம் தரக் கல்லூரிகள்’ என்றே அழைக்கப்பட்டன. அமெரிக்க ஏற்பாட்டுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இன்டர்மீடியட் முடித்தவர் பொறியியற் கல்லூரியில் முதலாண்டு மாணவராகவே அடியெடுத்து வைத்தார். அமெரிக்காவில் ஈராண்டுக் கல்லூரி முடித்தவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவராக நுழைய வேண்டும். அவர் முன்பு படித்த இரண்டாண்டுகளும் பட்டப்படிப்பின் முதற்பாதியாகவே கணக்கிடப்பட வேண்டும். எங்கோ ஒரு சிற்றூர்க் கல்லூரியில் படித்ததைப் பெரிய பல்கலைக்கழகம் தன் வகுப்பறையில் படித்ததாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். இதுவே அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அதன் தொல்லைகளுக்கும் இதுவே தோற்றுவாய்.

ஆறு மாணவர்களுடன் ஒரு தொடக்கம்

சிகாகோ பல்கலைக்கழகம் 1892இல் வகுப்புகளைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக விளங்கியவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். கீழை மொழிகளில் புலமை பெற்ற இப்பேரறிஞர், பட்டப்படிப்பின் நான்காண்டுகளை இரு கூறுகளாகப் பிரித்தார். முதல் ஈராண்டு பொதுக்கல்வி. பின் ஈராண்டு ஆழ்ந்த சிறப்புக்கல்வி. 1896இல் அவ்விரு கூறுகளுக்கும் ‘ஜூனியர் கல்லூரி’, ‘சீனியர் கல்லூரி’ என்ற பெயர்கள் வழங்கலாயின. முதல் ஈராண்டுப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தின் மதிலுக்கு உள்ளேதான் நடத்த வேண்டுமா என்ற வினா அடுத்து எழுந்தது. உயர்நிலைப் பள்ளிகளும் சிறு கல்லூரிகளும் அப்பொறுப்பை ஏற்றால், பல்கலைக்கழகம் ஆராய்ச்சியிலும் உயர்கல்வியிலும் முழுக் கவனம் செலுத்தலாம் என்பது ஹார்ப்பரின் எண்ணம்.

சிகாகோவுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவில், ஜோலியட் என்றோர் ஊர் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் குவாரிகளுக்கும் எஃகு ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஜே. ஸ்டான்லி பிரௌன், ஹார்ப்பரின் எண்ணத்தைச் செயலாக்கினார். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதே கட்டடத்தில் மேலும் ஈராண்டு கல்லூரிப் பாடங்களைப் பயில 1901இல் வழிசெய்யப்பட்டது. சேர்ந்தவர்கள் ஆறே மாணவர்கள். அந்த ஆறு பேருடன் தொடங்கியதே ஜோலியட் ஜூனியர் கல்லூரி. அமெரிக்காவின் அரசுசார் ஈராண்டுக் கல்லூரிகளில் தொடர்ந்து நடந்துவரும் மிகப் பழமையானது இதுவே.

இதில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. பல்கலைக்கழகத்தாரின் நோக்கம் முழுவதும் ஏழைகள்பாற்பட்ட பரிவன்று. கீழ்வகுப்புகளின் சுமையை வேறெங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்ற விருப்பமும் அதில் இருந்தது. ஊர்மக்களின் நோக்கமோ வேறு. பெருநகரத்தில் அறை எடுத்துத் தங்கவும் உண்ணவும் பொருள் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டிலிருந்தபடியே இரண்டாண்டுக் கல்லூரிக் கல்வியைப் பெற்றுவிட வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். இவ்விரு நோக்கங்களும் ஒரு புள்ளியில் சந்தித்ததன் விளைவே ஜூனியர் கல்லூரி.

கலிபோர்னியா மாநிலம் இவ்வெண்ணத்தைச் சட்டமாக்கியது. உயர்நிலைப் பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் முதல் ஈராண்டுப் பாடங்களை நடத்தலாம் என்று 1907இல் ஒரு சட்டம் நிறைவேறியது. 1910இல் பிரெஸ்னோ நகரம் அச்சட்டத்தின்கீழ் முதற் கல்லூரியைத் திறந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் நெடுந்தொலைவில் இருக்க, திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்த உள்நாட்டுப் பகுதிக்கு அது பேருதவியாயிற்று. 1920இல் இத்தகைய கல்லூரிகள் தமக்கென ஒரு நாடளாவிய சங்கத்தை அமைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருகிவிட்டன.

பட்டறையிலிருந்து கரும்பலகைக்கு

இலக்கியமோ வரலாறோ பயில ஒரு நல்லாசிரியரும் சில நூல்களும் போதும். பொறியியலை அவ்வாறு கற்பிக்க இயலுமா? அமெரிக்காவில் பொறியியற் கல்வி பரவலானதற்கு முக்கிய காரணம் 1862ஆம் ஆண்டின் மாரில் சட்டம். மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, அதன் வருவாயில் வேளாண்மையையும் இயந்திரக் கலைகளையும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ அச்சட்டம் வகை செய்தது. அக்கல்லூரிகளில் பொறியியல் என்றால் உலைக்களமும், கடைசல் இயந்திரமும், வரைபடப் பலகையும், நில அளவைக் கருவியும் கண்முன் வந்து நிற்கும். முதலாண்டு மாணவனே பட்டறைக்குள் நுழைந்துவிடுவான். இத்தனை தளவாடங்களையும் ஒரு சிற்றூர்க் கல்லூரி எங்ஙனம் வாங்கும்?

இந்நிலையை மாற்றியவை ஒரு போரும் ஓர் அறிக்கையும் ஆகும். இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944 ஜூன் 22ஆம் நாள், போரிலிருந்து திரும்பும் வீரர்களின் மறுவாழ்வுக்கான சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். கல்விக் கட்டணத்துக்காக ஆண்டுக்கு 500 டாலர் வரையிலும், அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையும் கிடைத்தன. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் இச்சட்டத்தின் உதவியால் கல்லூரிகளுக்குச் சென்றனர். 1947இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். ரேடாரையும் விமான எஞ்சினையும் கையாண்டு பழகியவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். இவர்கள் அனைவருக்கும் பல்கலைக்கழகங்களில் இடமேது? அதே 1947இல், அதிபர் ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. வருமானமும், இனமும், சமயமும் திறமையுள்ளோரின் கல்விக்குத் தடையாக இருப்பதை அக்குழு வெளிப்படையாகச் சுட்டிக் காட்டியது. ஊருக்கு அருகிலேயே ஈராண்டுக் கல்வி தரும் கல்லூரிகளை நாடெங்கும் நிறுவ வேண்டும் என்றது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவலானது இவ்வறிக்கைக்குப் பின்னரே.

பொறியியற் கல்வி குறித்த அறிக்கை 1955இல் வந்தது. அமெரிக்கப் பொறியியற் கல்விச் சங்கம் அமைத்த குழு அதைத் தயாரித்தது. தலைவரின் பெயரால் அது கிரின்டர் அறிக்கை எனப்படுகிறது. அணுவாற்றலும் மின்னணுவியலும் தோன்றிய காலத்தில், இன்றைய இயந்திரத்தை இயக்கப் பழகியவன் நாளை வரும் இயந்திரத்தின் முன் திகைத்து நிற்பான். ஆகவே எக்காலத்துக்கும் நின்று பயன்தரும் அடிப்படை அறிவியலையும் கணிதத்தையும் அவன் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். பட்டறைப் பயிற்சி குறைந்தது. நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், திடப்பொருள் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், மின்னியற் கோட்பாடு ஆகியவை முன்னிடம் பெற்றன. 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் விண்ணில் சுழலத் தொடங்கியதும் அமெரிக்கா அதிர்ந்தது. மறு ஆண்டே அறிவியற் கல்விக்குப் பெரும்பொருள் ஒதுக்கும் சட்டம் வந்தது.

இம்மாற்றம் ஈராண்டுக் கல்லூரிகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டதன்று. எனினும் அவற்றுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. பொறியியற் படிப்பின் முதற்பாதி பட்டறையிலிருந்து கரும்பலகைக்கு இடம் மாறிவிட்டது. ஒரு தேர்ந்த கணித ஆசிரியரும், ஓர் இயற்பியற் கூடமும், ஒரு வேதியியற் கூடமும் இருந்தால் சிற்றூர்க் கல்லூரியும் அப்பாதியை நன்றாகவே கற்பிக்கலாம் என்றாயிற்று.

கலிபோர்னியாவின் பெருந்திட்டம்

1960இல் கலிபோர்னியா தன் உயர்கல்வி முழுவதையும் ஒரே திட்டத்தில் அடக்கியது. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர். உயர்நிலைப் பள்ளி முடிப்போருள் முதல் எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்தில் நேரே சேரத் தகுதி உடையவர். முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்குத் தகுதி உடையவர். ஈராண்டுக் கல்லூரியின் கதவோ கற்க விரும்பும் எவர்க்கும் திறந்திருக்கும். மேற்போக்காகப் பார்த்தால் இது மக்களை மூன்று படிகளில் பிரித்து நிறுத்தும் ஏற்பாடு போலத் தோன்றும். படிகளுக்கு இடையே ஏணி ஒன்று வைக்கப்பட்டிருந்தது என்பதில்தான் இதன் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலும் மாநிலக் கல்லூரிகளிலும் மேல் ஈராண்டு வகுப்பினர் நூற்றுக்கு 60 பேராகவும், கீழ் ஈராண்டு வகுப்பினர் 40 பேராகவும் இருக்க வேண்டும் என்று திட்டம் வகுத்தது. ஈராண்டுக் கல்லூரியிலிருந்து வருவோருக்கு மூன்றாம் ஆண்டில் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கணக்கு. பதினேழு வயதில் பின்தங்கிய மாணவன் பத்தொன்பது வயதில் முன்னே வரலாம். ஒருமுறை மூடிய கதவு மறுமுறை திறக்கும் என்பது அதன் வாக்குறுதி. ஈராண்டுக் கல்லூரிகளில் அப்போது பயிற்சிக் கட்டணமும் இல்லை. 1984இல்தான் யூனிட் ஒன்றுக்கு 5 டாலர் என்ற கட்டணம் புகுந்தது. பின்னர் அது உயர்ந்தது.

ஏணியின் படிகள்

பொறியியலை நாடும் மாணவன் இந்த ஈராண்டில் ஏறவேண்டிய படிகளைக் காண்போம். நுண்கணிதம் மூன்று பருவங்கள். அதன் மேல் வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும். நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட இயற்பியல் இரண்டு அல்லது மூன்று பருவங்கள். ஆய்வகத்துடன் கூடிய வேதியியல். இவற்றோடு பொறியியல் வரைபடம், கணிப்பொறி நிரல், நிலையியல், மின்சுற்று, பொருள்களின் பண்புகள் ஆகியவற்றுள் அவரவர் துறைக்கு வேண்டியவை. ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியும் சமூகவியற் பாடங்களும் தனி.

இப்பாடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை அல்ல; ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. முதல் நுண்கணிதம் முடியாமல் இயற்பியலின் இயக்கவியலுக்குள் புக முடியாது. இயக்கவியல் தெரியாமல் நிலையியல் இல்லை. மின்காந்தவியலைக் கற்காமல் மின்சுற்றுப் பாடம் இல்லை. பள்ளியில் இயற்கணிதத்தை அரைகுறையாகக் கற்று வந்த மாணவன், நுண்கணிதத்தின் வாசற்படியை மிதிக்கவே இரண்டு மூன்று பருவங்களைச் செலவிட நேரும். சிறிய கல்லூரிகளில் நிலையியல் போன்ற பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறையே நடைபெறும். அப்பருவத்தில் அதைத் தவறவிட்டவன் ஓராண்டு காத்திருக்க வேண்டும். இரண்டாண்டு என்று எண்ணி வந்தது மூன்றாண்டும் நான்காண்டும் ஆவதன் சூட்சுமம் இதுதான். பகலில் கடையிலோ கிடங்கிலோ வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வருவோர் பலர். பிள்ளை குட்டிகளைப் பெற்றவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு ஓராண்டு என்பது ஒரு குடும்பத்தின் ஓராண்டு.

இதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறை வேண்டும் என்று கேட்கும் பாடத்தை, மற்றொரு பல்கலைக்கழகத்தின் அதே துறை கேட்பதில்லை. 1932 முதல் பொறியியற் படிப்புகளின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் தனி அமைப்பு அமெரிக்காவில் இயங்கி வருகிறது. அதனால் பல்கலைக்கழகங்கள் வெளியிலிருந்து வரும் பாடத்தை நுணுகி ஆராய்ந்த பின்னரே ஏற்கும். இக்கல்லூரியின் இன்ன பாடம் அப்பல்கலைக்கழகத்தின் இன்ன பாடத்துக்கு ஈடாகும் என்று இரு நிறுவனங்களும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைகள் இதனால் தோன்றின. அந்த உடன்படிக்கைப் பட்டியலை முதற் பருவத்திலேயே கையில் வைத்துக்கொண்டு பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் மாணவன் தப்பினான். அதை அறியாமல், கிடைத்த பாடங்களையெல்லாம் படித்துச் சென்றவனின் நிலை இரங்கத்தக்கது.

ஆறவைக்கும் கலை

இந்த ஏற்பாட்டின் நிழற்பக்கத்தை முதன்முதல் கூர்ந்து நோக்கியவர் சமூகவியலறிஞர் பர்ட்டன் கிளார்க். பெருந்திட்டம் பிறந்த அதே 1960இல், சான் ஹோசே நகரின் ஜூனியர் கல்லூரியைத் தாம் ஆராய்ந்து கண்ட முடிவுகளை அவர் வெளியிட்டார். பட்டப்படிப்புக்கு மாறிச் செல்வோம் என்ற நம்பிக்கையுடன் வருவோர் மிகப் பலர்; உண்மையில் மாறிச் செல்வோர் அவர்களுள் ஒரு பகுதியினரே. எஞ்சியோர் கலகம் செய்யாமல் கலைந்து போவது எப்படி? தேர்வு மதிப்பெண், ஆலோசகரின் மென்மையான அறிவுரை, மாற்றுத் தொழிற்படிப்பு பற்றிய குறிப்பு என்று சிறிது சிறிதாக மாணவனின் ஆசையை அவனே குறைத்துக்கொள்ளுமாறு செய்யும் முறை ஒன்று உள்ளே இயங்குவதை அவர் கண்டார். அதற்கு அவர் இட்ட பெயர், கொதிப்பதை ஆறவைத்தல் என்ற பொருள் தருவது. பொறியாளனாக வந்தவன் தன்னை யாரும் துரத்தவில்லை, தனக்குத்தான் தகுதி போதவில்லை என்று எண்ணிக்கொண்டு வெளியேறுகிறான். கதவு திறந்தே இருக்கிறது; ஆனால் உள்ளே உள்ள கூடத்தின் மறுபுறக் கதவு பலருக்குப் புலப்படுவதில்லை.

ஆறவைக்கும் கலை ஆசையைப் பறிக்கிறது என்றால், மறு வாயிலில் காலத்தைப் பறிக்கும் வேறொன்று காத்திருக்கிறது. அமெரிக்க அரசின் கணக்கு ஆய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 2004 முதல் 2009 வரை ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய மாணவர்கள் தாம் ஈட்டிய பாடமதிப்பில் சராசரியாக ஏறத்தாழ 43 விழுக்காட்டை இழந்ததாக மதிப்பிட்டது. எல்லா வகையான மாற்றங்களையும் சேர்த்த கணக்கு இது. நூறு நாள் நடந்தவனைப் பிடித்து, நீ நடந்தது ஐம்பத்தேழு நாள்தான் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. படித்த கணிதம் அவன் உள்ளத்தில் இருக்கிறது. அதற்கான ஊதியமாகிய காலத்தையும் பொருளையும் மட்டும் வாயிலில் நிற்பவர் எடுத்துக்கொள்கிறார்.

குறைகளைக் களைய முயற்சிகள் நடவாமலில்லை. 60 யூனிட்டுகளில் ஈராண்டுப் பட்டம் பெற்றோரை மாநிலப் பல்கலைக்கழகங்கள் எஞ்சிய 60 யூனிட்டுகளுக்கு மேல் கேளாமல் ஏற்க வேண்டும் என்று கலிபோர்னியா 2010இல் ஒரு சட்டம் இயற்றியது. பல துறைகளுக்கு அது நன்மை செய்தது. பொறியியலுக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. கணிதமும் அறிவியலும் பொறியியற் பாடங்களும் சேர்ந்து அறுபதை நிரப்பிவிட, பொதுப்பாடங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பின்தங்கியோர் என்று கருதி மாணவர்களை அடிப்படைக் கணித வகுப்புகளில் பல பருவங்கள் நிறுத்தி வைக்கும் வழக்கத்தை 2017இல் மற்றொரு சட்டம் கட்டுப்படுத்தியது. பள்ளி மதிப்பெண்களைக் கருத்திற்கொண்டு, கூடியவரை ஓராண்டுக்குள் பட்டப்படிப்புக்குரிய கணிதத்தில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் ஆணை.

இத்தனை இடர்களையும் கடந்தவர்கள் குறைவல்லர். 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் அறிவியலிலும் பொறியியலிலும் பட்டம் பெற்றோருள் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு கட்டத்தில் சமுதாயக் கல்லூரியில் பயின்றவர்கள் என்று அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனம் கண்டறிந்தது. 1970 ஏப்ரலில், ஆக்சிஜன் கலம் வெடித்த அப்போலோ 13 விண்கலத்தில் உயிர் தப்பித் திரும்பிய மூவருள் ஒருவரான பிரெட் ஹெய்ஸ், மிசிசிப்பி மாநிலத்தின் பெர்கின்ஸ்டன் ஜூனியர் கல்லூரியில் கல்லூரிக் கல்வியைத் தொடங்கியவர். அப்போது அவர் விரும்பியது இதழியல். கடற்படை விமானிப் பயிற்சிக்குப் பின்னர் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1959இல் விமானப் பொறியியற் பட்டம் பெற்றார். பதினேழு வயதில் தான் யாராகப் போகிறோம் என்பதை அறியாதவனுக்கும் இரண்டாம் வாய்ப்பு வேண்டும் என்பதற்கு இவர் வாழ்க்கை ஒரு சான்று.

டாக்காவிலிருந்து சிகாகோவுக்கு

ஜோலியட் கல்லூரியிலிருந்து சிகாகோவுக்குச் செல்பவர் கண்ணில் படும் உயரமான கட்டடங்களுள் முதன்மையானது, சியர்ஸ் கோபுரம் என்ற பெயருடன் 1970களில் எழுந்து, 2009 முதல் வில்லிஸ் கோபுரம் எனப்படும் 110 மாடிக் கட்டடம். அதன் கட்டமைப்பை வகுத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் ஒரு முஸ்லிம், வங்காளத்தின் மைந்தர். அவர் அமெரிக்க ஈராண்டுக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். ஆயினும் இக்கட்டுரையின் கேள்வி அவர் வாழ்விலும் குறுக்கிட்டது.

1929இல் டாக்காவில் பிறந்த அவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் பயின்று, சிப்பூர் வங்காளப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தார். நாடு பிரிந்தது. 1950இல் இறுதித் தேர்வு நேரத்தில் வகுப்புக் கலவரம் மூண்டது. தேர்வைப் பாதியில் விட்டு அவர் டாக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. ஒரு நாட்டின் கல்லூரியில் எழுதிய பாதித் தேர்வை வேறொரு நாட்டின் கல்லூரி பொருட்படுத்தத் தேவையில்லை; முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லியிருக்கலாம். டாக்காவின் அஹ்சனுல்லாஹ் பொறியியற் கல்லூரியில் அவர் எஞ்சிய தேர்வை எழுதினார். சிப்பூரில் எழுதியதையும் இங்கே எழுதியதையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சிறப்பு ஏற்பாட்டின்படி பட்டம் வழங்கப்பட்டது. அவர் முதலிடம் பெற்றார். 1952இல் உதவித்தொகை பெற்று இலினாய் பல்கலைக்கழகம் சென்ற அவர், மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் ஒரு முனைவர் பட்டமும் பெற்றார். ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகளுக்கு நிழல்தரும் அந்தக் கூடாரக் கூரைகளின் கட்டமைப்பும் அவர் கைவண்ணமே. 1982இல் அந்த ஜித்தா நகரிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இறைவனின் ஏற்பாட்டை நாம் அளந்து சொல்ல இயலாது. ஆனால் 1950இல் டாக்காவில் ஒரு வாயிற்காவலர் கதவைச் சாத்தியிருந்தால், ஒரு மாபெரும் பொறியாளரின் இளமையில் எத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இஜாஸா சொல்லும் பாடம்

இக்கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடை இஜாஸா. இன்ன நூலை இன்னார் என்னிடம் முறையாகப் பயின்றார், அதைப் பிறருக்கு எடுத்துரைக்க அவருக்கு இசைவளிக்கிறேன் என்று ஆசிரியர் எழுதித் தரும் சான்று அது. புகாராவிலிருந்தும் குர்துபாவிலிருந்தும் கல்வி தேடிப் புறப்பட்டவர்கள் நகரம் நகரமாகச் சென்றபோது, அச்சான்று அவர்களுக்கு முன்னே சென்று பேசியது. எந்தப் பள்ளியில் இருந்தார் என்பதைவிட எதை, எவரிடம் ஓதினார் என்பதே அங்கே கேட்கப்பட்டது. நம் பகுதியிலும் ஊர் மதரஸாவில் தொடக்கக் கிதாபுகளை ஓதிவிட்டு, வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்குச் சென்று ‘பாகவி’களாகத் திரும்பிய ஆலிம் பெருமக்களை நாம் அறிவோம். சிறிய மதரஸா தந்த கல்வியைப் பெரிய மதரஸா மதித்ததனால் அன்றோ அது இயன்றது?

இஜாஸாவில் குறைகள் இல்லாமலில்லை. அது தனி ஆசிரியரின் சொல்லைச் சார்ந்தது. சொல்பவர் தளர்ந்தால் சான்றும் தளரும். அமெரிக்கர்களின் உடன்படிக்கை நிறுவனங்களுக்கு இடையே எழுதப்படுவது; பாடம் பாடமாக ஒப்பிட்டுச் செய்யப்படுவது; ஆகவே உறுதி மிக்கது. ஆனால் அது எழுதப்படாத இடங்களில் மாணவன் அனாதையாகிறான். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒன்றே: ஒரு கல்விக்கூடம் மற்றொன்றின் உழைப்பின்மீது வைக்கும் நம்பிக்கை. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அமெரிக்க அனுபவம் நமக்குச் சொல்வதும் இதுவே. கல்லூரிகளைப் பெருக்கிவிட்டால் போதாது. கட்டணத்தைக் குறைத்துவிட்டாலும் போதாது. முதற் கூடத்தில் பெற்றது இரண்டாம் கூடத்தில் செல்லும் என்ற உறுதி, மாணவன் புறப்படும் முன்பே அவன் கையில் இருக்க வேண்டும். நம் நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமா முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேரும் பிள்ளைகளின் ஏணியும் இந்த உறுதியின்மேல்தான் சாய்ந்து நிற்கிறது.

கொள்ளையர் தலைவன் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் சொன்னது மாணவனுக்குரிய பாடம்: கற்றதை உள்ளத்தில் வை, எவராலும் பறிக்க முடியாது. அந்த மாணவன் மூன்றாண்டு உழைத்துத் தன் கடமையைச் செய்துவிட்டான். நிஷாப்பூரின் வாயிலில் இருந்த ஜுவைனி (ரஹ்) அவர்களும் தம் கடமையைச் செய்தார்கள். ஜுர்ஜானில் ஓதி வந்த அந்த இளைஞரைத் தம் மாணவராக ஏற்றார்கள். கொள்ளையன் கூட ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தான் என்பதை, மாணவர்களின் ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளும் கல்விக்கூடங்கள் சற்றே நினைத்துப் பார்க்கட்டும்.